பாஸ்டனில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை, உதவி தேவை

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து அம்மாவுடன் விடுமுறைக்கு பாஸ்டன் வந்து 3 நாள் ஆகிறது. பேக் பே பகுதியில் ஒரு ஹோட்டலில் இருக்கிறோம், இன்னும் 6 நாள் தங்குவோம். ஊரிலிருந்து கொண்டுவந்த சிறிய மின்கெட்டில் இங்கே வேலைக்கு ஆகவில்லை.

அதன் அடியில் 220–240 வோல்ட், 1000 வாட் என்று இருக்கிறது. விளக்கு எரிகிறது, தண்ணீர் மெல்லச் சூடேறுகிறது, ஆனால் அரை லிட்டர் பத்து நிமிடமானாலும் கொதிப்பதில்லை. அடாப்டரை மாற்றினேன், குளியலறை சாக்கெட்டிலும் போட்டுப் பார்த்தேன். அதே அடாப்டரில் கைபேசி நன்றாக சார்ஜ் ஆகிறது. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், இங்குள்ள 120 வோல்ட்டை உயர்த்தாது என்பது பிறகுதான் புரிந்தது. மின்னழுத்தம் பாதியானால் சூடு கால்பங்குதான்.

அறையிலுள்ள காபி இயந்திரத்தில் வெந்நீர் பிடித்தால் தேநீரில் காபி வாடை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். காலைத் தேநீர் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. வரவேற்பில் கேட்டேன், கெட்டில் இல்லை என்றார்கள்.

பேக் பேயிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் 120 வோல்ட் கெட்டில் எங்கே மலிவாகக் கிடைக்கும்?