எழுந்து போகச் சொல்லாத மேசை: சென்னைக் கஃபேக்களில் நம் அனுபவங்கள்

மந்தைவெளி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நான் வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்பவள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகளுக்காக மந்தைவெளியிலும் லஸ்ஸிலும் சாலைகளைத் தோண்டத் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் பகல் நேரத்து அமைதி போய்விட்டது. ஒரு பத்தியை முடிப்பதற்குள் மூன்று முறை காதைப் பொத்திக்கொள்ள நேர்ந்ததால், மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கஃபேக்களை நாடிப் போகலானேன். எந்தக் கடையில் கேக் நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எந்தக் கடையில் நம்மை நிம்மதியாக உட்கார விடுகிறார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி என்பதால், நான் கண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவங்களை எழுத வேண்டுகிறேன்.

நான் அதிகம் போவது கோட்டூர்புரம் பக்கம். 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. காலையில் அங்கே வேலை செய்துவிட்டு, பேச வேண்டிய வேலை, அதாவது வாடிக்கையாளர்களின் அழைப்புகள், வரும் நேரத்தில் காந்தி மண்டபம் சாலையில் உள்ள சிக்லோ கஃபேவுக்குப் போய்விடுவேன். மிதிவண்டிப் பிரியர்களுக்காகத் தொடங்கப்பட்ட இடம் என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் மிதிவண்டிகளும் உதிரிபாகங்களும் கண்ணில் படும். நூலகத்தின் மௌனமும் கஃபேயின் கலகலப்பும் ஒரே நாளில் கிடைப்பது எனக்குப் பெரிய வசதி.

ஆனால் நான் எழுத நினைத்தது பீட்டர்ஸ் சாலை ரைட்டர்ஸ் கஃபேயில் நடந்ததைத்தான். தீக்காயங்களிலிருந்து மீண்ட பெண்களுக்குப் பயிற்சி அளித்து அவர்களைப் பணியில் அமர்த்திய கஃபே அது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அன்று நான் குடும்ப வன்முறை பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். காபி கொண்டுவந்த பெண்ணின் கையில் இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, உடனே கண்ணை விலக்கிக்கொண்டேன். விலக்கியதை அவர் கவனித்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. அவர் கோபப்படாமல், என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். மறைப்பது முறையாகத் தோன்றாததால் ஒரு பத்தியைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பாதிக்கப்பட்டவங்கன்னே எல்லா இடத்திலயும் போட்டிருக்கீங்களே அக்கா, மீண்டு வந்தவங்கன்னு போடக் கூடாதா?" என்றார். அந்த அறிக்கையில் அந்தச் சொல் நாற்பது இடங்களுக்கு மேல் வந்தது. இறந்தவர்களையும் இன்னும் அந்தக் கொடுமையிலேயே இருப்பவர்களையும் குறிக்கும் இடங்களை விட்டுவிட்டு, மற்ற இடங்களையெல்லாம் அன்று மாலையே திருத்தினேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு ஒரு மேசையருகில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் அவர் கற்றுக்கொடுத்த பாடம் அது.

கசப்பான அனுபவமும் ஒன்று உண்டு. அடையாறில் ஒரு கஃபேயில், நான் சாப்பிட்டு முடித்து நாற்பது நிமிடம்கூட ஆகாத நிலையில், கேட்காமலே பில்லைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் சேவைக் கட்டணம் வேறு சேர்த்திருந்தார்கள். உணவகங்கள் தாமாகவே பில்லில் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதை அமைதியாக எடுத்துச் சொன்னதும் அந்தத் தொகையை நீக்கிவிட்டார்கள். 5 சதவீத ஜிஎஸ்டி சட்டப்படியான வரி, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். சேவைக் கட்டணம் அப்படியல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால் சொல்லிவைக்கிறேன்.

திருவல்லிக்கேணி, ஓய்வுபெற்ற மருந்து விற்பனைப் பிரதிநிதி:

மந்தைவெளி சகோதரி எழுதியதைப் படித்ததும் என் மனம் கதீட்ரல் சாலைக்குப் போய்விட்டது. இன்று செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தில், 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நடந்தது. காருக்குள் உட்கார்ந்தபடியே தட்டை வாங்கிச் சாப்பிட்டதைத்தான் எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். எங்களுக்குக் கார் இல்லை. நாங்கள் ஸ்கூட்டரில் போய் உள்ளே மேசையில் உட்கார்ந்தவர்கள்.

எங்கள் தொழிலில் மருத்துவர்களைக் காலையிலும் மாலையிலும்தான் பார்க்க முடியும். இடையில் இருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தைப் பையும் கழுத்துப்பட்டையுமாக எங்கே கழிப்பது? டிரைவ்-இன்னில் உட்கார்ந்துதான் அன்றன்றைய அறிக்கையை எழுதுவோம். போட்டி நிறுவனத்துக்காரர்களும் அதே மேசைக்கு வருவார்கள். எந்த மருத்துவர் எந்தக் கிழமை பிரதிநிதிகளைச் சந்திப்பார், யாருடைய உதவியாளரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் நான் என் மேலாளரிடம் கற்கவில்லை, அந்த மேசையில்தான் கற்றேன். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்கு மாத இலக்கில் பாதிகூட எட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் மருந்துக்கு நேர் போட்டியான மருந்தை விற்றுக்கொண்டிருந்த ஒருவர், புரசைவாக்கத்தில் தாம் போகாத ஏழு மருத்துவர்களின் பெயர்களைத் தம் நாட்குறிப்பிலிருந்து கிழித்துக் கொடுத்தார். காபிக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை. டிரைவ்-இன் மூடப்பட்ட பிறகு அந்த வாயிலைப் பார்க்கப் பிடிக்காமல் சில மாதங்கள் நான் வேறு வழியாகச் சுற்றிப் போனேன்.

எங்கள் திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றுவார்கள். அந்தச் சுவைக்கு ஈடில்லை. ஆனால் அங்கே நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் இடத்துக்காகக் காத்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு கதை பேச மனம் வராது. அந்தப் பழைய மேசையில் இப்போது நாங்கள் மூவர்தான் மிஞ்சியிருக்கிறோம், மூவருக்கும் எழுபத்தைந்து கடந்துவிட்டது. படியேறாமல், பாட்டுச் சத்தம் இல்லாமல், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச, ஃபில்டர் காபி கிடைக்கும் ஓர் இடத்தை யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேற்கு மாம்பலம், ஆசிரியை:

பெரியவருக்கு என் வணக்கங்கள். சந்திப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன்.

பிரன்ச் என்ற சொல் என் மகள் மூலமாகத்தான் எனக்கு அறிமுகமானது. காலை உணவும் மதிய உணவும் சேர்ந்தது என்று அவள் விளக்கியபோது, இதைத்தானே என் பாட்டி வாழ்நாள் முழுவதும் செய்தாள் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பழைய வீட்டில் விடிந்ததும் ஒரு காபி, பத்தரை மணிக்குக் குழம்பு, ரசம், மோரோடு முழுச் சாப்பாடு, மூன்று மணிக்கு டிபன். பள்ளியும் அலுவலகமும் அந்த வழக்கத்தை உடைத்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கஃபேயில் முட்டையும் ரொட்டியும் சாப்பிடும் பிள்ளைகள் தாத்தா பாட்டியின் நேரத்துக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

மகளுக்கு ஒரு வரன் வந்தது. வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுப் பெண் பார்க்கும் முறை வேண்டாம், வெளியில் சந்தித்துப் பேசிக்கொள்கிறோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை என்று பெயர் மாறிய பிறகும் எல்லோரும் சேமியர்ஸ் சாலை என்றே சொல்லும் அந்தச் சாலையில் இருக்கும் சேமியர்ஸ் கஃபேயை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். தனியே அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. பையனின் தாயாருக்கும் அதே நிலை. ஆகவே நாங்கள் இருவரும் தள்ளி இன்னொரு மேசையில் உட்கார்ந்துகொண்டோம்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்த பேச்சு இரண்டரை மணி நேரம் நீண்டது. முதல் அரை மணி நேரம் நாங்கள் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அந்த அம்மாளும் என்னைப் போலவே கணக்கு ஆசிரியை என்பது தெரியவந்தது. அதன் பின் பிள்ளைகள் எழுந்து வந்து கூப்பிடும்வரை நாங்கள் நேரத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் மகள், "ரொம்ப நல்லவர்மா, ஆனா வேண்டாம்" என்றாள். பையன் வீட்டிலும் அதே பதில்தான். சம்பந்தம் அமையவில்லை என்ற வருத்தத்தைவிட, இனி அந்த அம்மாளை எப்படிப் பார்ப்பது என்ற வருத்தம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. மறுவாரம் அவரே தொலைபேசியில் அழைத்தார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை நாங்கள் இருவரும் சந்திக்கிறோம். வீட்டில் நடந்திருந்தால் இரு குடும்பங்களும் முகம் பார்க்காமல் விலகியிருப்போம் என்றே நினைக்கிறேன்.

அண்ணா நகர், கஃபே ஊழியர்:

நான் கவுண்டருக்குப் பின்னால் ஆறு ஆண்டுகளாக நின்று காபி போடுபவன். கேட்காமல் பில் வைத்ததைப் பற்றி அக்கா எழுதியது சரிதான், அது மரியாதை இல்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கடையில் பதினொரு மேசைகள். வார நாட்களில் காலை பத்து முதல் பன்னிரண்டு வரையும், மதியம் மூன்று முதல் ஐந்து வரையும் பாதி மேசைகள் காலியாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மடிக்கணினியோடு வருபவர்களை நாங்கள் விரும்பி வரவேற்கிறோம். நாலு பேர் உள்ளே இருந்தால்தான் வெளியே போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு மணி முதல் மூன்று மணி வரையிலும், சனி ஞாயிறு பத்தரைக்கு மேலும்தான் எங்களுக்கு வாடகைக்கான பணம் வருகிறது. அந்த நேரத்தில் நால்வருக்கான மேசையில் ஒருவர் ஒரே ஒரு காப்புச்சினோவோடு உட்கார்ந்திருந்தால், குழந்தையோடு வந்து வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தனியாக வருபவர்கள் சிறிய மேசையைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒன்றை வாங்கினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். காபிக் கொட்டை அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், ஒவ்வொரு காபிக்கும் அது உறுமும்.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் ஏறக்குறைய 18 கிராம் தூளில் முப்பது விநாடிக்குள் அழுத்தத்தால் எஸ்பிரெஸோ இறக்குகிறோம். உங்கள் வீட்டு ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் கால் மணி நேரமாவது ஆகும், அதில் பெரும்பாலும் சிக்கரியும் கலந்திருக்கும். ஆகவே, "இது நம்ம காபி மாதிரி இல்லையே" என்று கேட்பவர்களிடம், இது வேறு பானம் என்றுதான் பணிவோடு சொல்வேன்.

எங்கள் பகுதியில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏராளம். ஒரு தம்பி தினமும் பதினொரு மணிக்கு வந்து ஒரு டீ மட்டும் வாங்குவார். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணா, விடுதி அறையில நாலு பேர் இருக்கோம், கூட்டம் வந்தா நானே எழுந்துக்குறேன்" என்றார். சொன்னபடியே, கூட்டம் சேரும்போது நான் சொல்லாமலே எழுந்து வெளியில் நின்று படிப்பார், குறைந்ததும் திரும்பி வருவார். முதல்நிலைத் தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு வாரம் அவரைக் காணவில்லை. எட்டாம் நாள் வந்து அதே மூலையில் அதே புத்தகத்தை விரித்தார். நான் ஒன்றும் கேட்காமல் டீயைக் கொண்டுபோய் வைத்தேன். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார், மேசையும் அவருக்காக இருக்கிறது.

வேளச்சேரி:

சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. நான்காம் நாள் திருவான்மியூர் வரை நடந்தும் ஆட்டோவிலுமாகப் போய், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறிய கஃபேயில் நுழைந்தேன். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. உரிமையாளர் நீட்டிப்புப் பலகைகளைத் தரையெங்கும் விரித்து, யார் வேண்டுமானாலும் கைபேசிக்கு மின்னேற்றம் செய்துகொள்ளலாம் என்று அட்டையில் எழுதி வைத்திருந்தார். சேற்றுக் கால்களோடு உள்ளே போகத் தயங்கிய என்னிடம், "தரையை அப்புறம் கழுவிக்கலாம், உள்ள வாங்க" என்றார். அண்ணனின் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. இப்போது நண்பர்களைச் சந்திப்பதென்றால் எவ்வளவு தொலைவானாலும் அங்கேதான்.

திருவல்லிக்கேணிப் பெரியவருக்கு ஒரு யோசனை: டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள நியூ உட்லண்ட்ஸ் ஓட்டலுக்கு, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த பிறகு, மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். பெயரும் உங்களுக்குப் பழகியதாயிற்றே.

மந்தைவெளி, மொழிபெயர்ப்பாளர்:

சென்ற வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெரியவரையும் அவருடைய நண்பர்கள் இருவரையும் நியூ உட்லண்ட்ஸில் சந்தித்தேன். என்னையும் வரச் சொல்லி அவர்தான் அழைத்திருந்தார். மேசைகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. ரவா தோசையும் மூன்று சுற்றுக் காபியும் வந்தன. புரசைவாக்கத்து ஏழு மருத்துவர்களின் பெயர்களைக் கிழித்துக் கொடுத்தவர் அந்த நண்பர்களில் ஒருவர் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏழில் ஐந்து பெயர்கள் அவருக்கு இன்னும் நினைவிருந்தன. மற்ற இரண்டையும் நினைவுபடுத்த மூவரும் வெகுநேரம் முயன்றார்கள். ஐந்தேகாலுக்குப் பெரியவர் கையசைத்துக் கேட்ட பிறகுதான் பில் வந்தது. அதை எடுக்க மூவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.