மதிய வெயிலில் கேம்பர் வேன் ஏசி நின்றுவிடுகிறது, வழி சொல்லுங்கள்

டெம்போ டிராவலரில் கட்டிய வேன். முக்கால் டன் ஏசி, 12 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர். இரவில் பிரச்சினையே இல்லை. வேலூர் வெயிலில் மதியம் ஏசி 800 வாட் இழுத்ததும் லோ வோல்டேஜ் அலாரம் அடித்து இன்வெர்ட்டர் கட் ஆகிறது.

அலாரம் அடிக்கும்போது அளந்தால் பேட்டரி முனையில் 12.8 வோல்ட், இன்வெர்ட்டர் முனையில் 10.8 தான். கேபிள் 16 சதுர மி.மீ., போக வர 6 மீட்டர். 80 ஆம்பியருக்கு அரை வோல்ட்தான் குறைய வேண்டும். மீதி ஒன்றரை வோல்ட், அதாவது 120 வாட், ஃபியூஸ் ஹோல்டரில் சூடாகப் போகிறது என்று சந்தேகம்: பிளாஸ்டிக் இளகி, கேபிள் நுனியில் மாட்டும் லக் கறுத்திருக்கிறது.

50 சதுர மி.மீ. கேபிளும் போல்ட் போட்டு இறுக்கும் ஃபியூஸும் போதுமா, 24 வோல்ட்டுக்கே மாறிவிடலாமா? கூரையில் வெப்பத்தைத் தடுக்க 10 மி.மீ. ஃபோம்தான் இருக்கிறது, 25 மி.மீ. போட்டவர்களுக்கு ஏசி இழுப்பது எத்தனை வாட் குறைந்தது?