பழைய பெட்ரோல் லேண்ட் க்ரூசருக்கு டீசல் எஞ்சின் ஏற்றலாமா, இல்லை புது ஃபோர்வீல் வண்டியே வாங்கிவிடலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1994 லேண்ட் க்ரூசர் 80 இருக்கிறது. 4.5 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல், மேனுவல் கியர். நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. முன்பெல்லாம் லிட்டருக்கு 5.8 கொடுத்த வண்டி, ஒரு வருடமாக 4.5-க்கு மேல் ஏறவில்லை. ஐட்லிங்கில் உதறுகிறது, மேடு வந்தால் இழுவை போதவில்லை.

வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுவேன். தினமும் ஏழெட்டு கிலோமீட்டர், அப்புறம் இரண்டு மூன்று முறை குடும்பத்தோடு மலைப்பாதை, மண்பாதை என்று நீண்ட பயணம்.

பட்டறையில், "இந்த எஞ்சினில் இனிப் பணம் போடாதீர்கள். டொயோட்டாவின் 1எச்இசட் டீசலை ஏற்றிவிடலாம், 8.5 கிடைக்கும்" என்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகையோடு இந்த வண்டியை விற்று வருவதையும் சேர்த்தால், சில வருடமே ஓடிய டீசல் ஃபோர்வீல் ஒன்றை வாங்கிவிடலாம். பிள்ளைகள் இந்த வண்டியில்தான் வளர்ந்தார்கள், விற்க மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1

இதே மாற்றத்தை நான் செய்திருக்கிறேன். எஞ்சினைத் தூக்கி வைப்பது சின்ன வேலை. அதைச் சுற்றி இருப்பதுதான் பெரிய வேலை. எஞ்சின் மவுண்ட், பெல் ஹவுசிங், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், டேங்குக்குத் திரும்பும் டீசல் லைன், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஹீட்டர் பிளக் ஒயரிங் என்று நீண்டுகொண்டே போகும். ஸ்டார்ட்டர் மோட்டார் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை முதலிலேயே பாருங்கள். இரண்டு வகையும் உண்டு.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் த்ராட்டில் கிடையாது. அதனால் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் தானாக உண்டாகாது, அதற்கென ஒரு பம்பு வேண்டும். 1எச்இசட்-இல் அது ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். என் வண்டியில் பம்பு இல்லாத வேறு ஆல்டர்னேட்டரைப் பூட்டிவிட்டார்கள். பட்டறையை விட்டு வெளியே வந்து முதல் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தேன், பெடல் கல் மாதிரி நின்றது. இரண்டு காலாலும் அழுத்தித்தான் வண்டியை நிறுத்தினேன். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது.

இழுவை கூடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பெட்ரோல் எஞ்சின் 200 குதிரைத்திறனுக்கு மேல். டர்போ இல்லாத 1எச்இசட் 130-ஐ ஒட்டித்தான். டார்க்கும் குறைவுதான். டர்போ சேர்க்கலாம், ஆனால் அதன் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி, சூட்டைத் தாங்காது. டீசலின் அளவைக் கூட்டிவிட்டு, சைலன்சர் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இல்லாமல் ஓட்டினால் ஹெட்டில் விரிசல் விழும்.

எரிபொருள் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் காப்பீட்டிலும் மாற்ற வேண்டும். அனுமதி கிடைக்குமா என்று கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

பதில் 2

நான் பழையதை விற்றுவிட்டுப் புதியதுக்குப் போனவன், வருத்தம் இல்லை. ஈரமான வளைவில் வண்டி பின்பக்கம் வழுக்கியபோது, தானாகவே ஒரு சக்கரத்தைப் பிரேக் பிடித்து நேராக்கியது. காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் பின் இருக்கையில் பிள்ளைகளை உட்கார வைப்பவருக்குச் சாதாரண விஷயமில்லை.

ஆனால் உங்கள் தினசரி ஏழெட்டு கிலோமீட்டர்தான் எனக்கு இடிக்கிறது. புது டீசல் வண்டிகளில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும். அந்தக் கரி எரிய 600 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் அது அடைத்துக்கொண்டே போகும். வாரத்துக்கு ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்ட முடியுமா என்று யோசியுங்கள்.

பதில் 3

தம்பி, முப்பது வருடமாக எஞ்சின் இறக்கி ஏற்றுகிறவன் சொல்கிறேன். யாராவது கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்த்தார்களா? அதைப் பார்க்காமல் எஞ்சின் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

கணக்கும் சரியில்லை. 12,000 கி.மீ.க்கு இப்போது ஆகும் பெட்ரோல் 2,667 லிட்டர். டீசலில் 8.5 கிடைத்தால் 1,412. மிச்சம் 1,255 என்று தெரிகிறது, சரி. ஆனால் இதே எஞ்சின் பழையபடி 5.8 கொடுத்தால் 2,069 லிட்டர்தான். அந்த மிச்சத்தில் கிட்டத்தட்ட பாதி, இருக்கும் எஞ்சினைச் சரிசெய்தாலே கிடைத்துவிடும். மீதிப் பாதிதான் டீசல் தருவது. பட்டறை கேட்கும் தொகை எத்தனை லிட்டருக்குச் சமம், அது எத்தனை வருடத்தில் திரும்பும் என்று உங்கள் ஊர் பெட்ரோல், டீசல் விலையை வைத்துப் பாருங்கள். நோயில் கிடக்கும் எஞ்சினோடு நல்ல எஞ்சினை ஒப்பிட்டால் டீசல் எப்போதும் ஜெயிக்கத்தான் செய்யும்.

ஆறு பிளக்கையும் கழற்றி அளவு எடுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில் அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டில். அப்புறம் சுத்தியலால் சேஸிஸை முன்னிருந்து பின்வரை தட்டுங்கள். "டங்" என்றால் நல்லது. பின் ஆக்ஸிலுக்கு மேலே "டப்" என்று மொத்தையாகக் கேட்டால் உள்ளே துரு. அப்படியானால் எந்த எஞ்சினையும் ஏற்றவேண்டாம், வண்டியை மாற்றுங்கள்.

கேட்டவர்

அண்ணா, பார்த்துவிட்டேன். ஐந்து சிலிண்டர்கள் 155-இலிருந்து 165 பிஎஸ்ஐ. நான்காவது மட்டும் 90. ஆயில் விட்டும் 95-ஐத் தாண்டவில்லை. சேஸிஸ் முழுக்க "டங்"தான்.

பதில் 3

பிஸ்டன், ரிங் இருக்கும் கீழ்ப்பகுதி நன்றாக இருக்கிறது. நான்காவது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்று செலுத்துங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இந்த எஞ்சினில் வால்வு இடைவெளி தானாகச் சரியாகாது, ஷிம் என்னும் சின்னத் தகட்டை மாற்றித்தான் வைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாது. சூடு இறங்க வழியில்லாமல் விளிம்பு கருகிவிடும்.

கேட்டவர்

சைலன்சர் வாயில் கை வைத்தேன், காற்று சீறியது. ஹெட்டை இறக்கிப் பார்த்தால், நான்காவதின் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் நகம் அளவுக்குக் கடித்து எடுத்த மாதிரி இருந்தது. அந்த வால்வை மாற்றி, எல்லா வால்வுக்கும் சீட் கிரைண்டிங் செய்து, ஸ்டெம் சீல் புதிதாகப் போட்டு, ஷிம்மும் சரிசெய்தாயிற்று. முதல் டேங்கில் 5.7 வந்தது. டீசல் மாற்றத்தை விட்டுவிட்டேன். பதில் 2-இல் சொன்ன பாதுகாப்பு விஷயம் மனதில் இருக்கிறது. மகள் ஓட்டப் பழகும்போது புது வண்டியைப் பற்றி மறுபடி கேட்கிறேன். உதறல் இப்போது இல்லை, டாஷ்போர்டில் வைத்த தண்ணீர் டம்ளர் அசையவில்லை.