புதுப்பிப்பு: வட கடலின் கலானஸ் கணக்கு
வட கடலில், மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் கலானஸ் ஃபின்மார்க்கிகஸ் என்ற இறால் போன்ற நுண்ணிய மிதவை உயிரி குறைந்து வருவதைச் சொன்ன என் இழையில், "அந்த இடத்தை வேறோர் இனம் நிரப்பிவிடாதா?" என்று கேட்டிருந்தார்கள். வருகிறது, ஆனால் ஈடுகட்டவில்லை. வெதுவெதுப்பான நீரை விரும்பும் இன்னொரு கலானஸ் இனமான ஹெல்கோலாண்டிகஸ் பெருகியும், 1960களிலிருந்து 1990களுக்குள் மொத்தக் கலானஸ் உயிர்த்திரள் (உயிரிகளின் மொத்த எடை) ஏறத்தாழ 70 விழுக்காடு சரிந்தது. பருவமும் பொருந்தவில்லை: காட் மீன் குஞ்சுகளுக்கு வசந்தத்தில் இரை வேண்டும், ஹெல்கோலாண்டிகஸோ இலையுதிர் காலத்தை ஒட்டித்தான் உச்சம் தொடுகிறது.

இரண்டும் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். நுண்ணோக்கியில் ஐந்தாம் காலின் பல்விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். சரக்குக் கப்பல்கள் இழுத்துச் செல்லும் கருவியின் பட்டுத் துணியில் சிக்குபவற்றை 1931 முதல் எண்ணி வருகிறார்கள். இத்தனை அருமையான பணியும் 1980களின் இறுதியில் நிதியின்றித் தடுமாறியது. 1990இல் ஓர் அறக்கட்டளை அமைந்து காப்பாற்றியது.