மனநலச் சிக்கல் உள்ள பிள்ளையோடு போன இடத்தில் நடந்த ஒன்று, இன்னும் மறக்காதது: பகிருங்கள்

தாமரைக்குளம்

ஓசிடி என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மகளுக்கு 11 வயது. அழுக்கு என்ற எண்ணம் விடாமல் துரத்த, திரும்பத் திரும்பக் கை கழுவுதல். எட்டு மாதமாக மாத்திரை, வாரம் ஒரு முறை உளவியலாளரிடம் பயிற்சி. விஷயத்துக்கு வருகிறேன்.

போன தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணம். மண்டபத்தில் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனாள். ஐந்து குழாயில் இரண்டில்தான் தண்ணீர் வந்தது. அதில் ஒன்றின் முன்னால் இவள். பின்னால் வரிசை நீள்கிறது. சாம்பார் காய்ந்த கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று ஒரு குரல். பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி நான் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றேன். நாத்தனார் வந்தார். பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. "போதும் கண்ணு" என்று குழாயைத் திருகி மூடிவிட்டார். அவள் போட்ட சத்தத்தில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் இலை எடுக்கும் அம்மா ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். எச்சில் இலைக் கூடையை ஓரமாக வைத்துவிட்டு அண்டாவில் ஒரு சொம்பு மொண்டார். "இங்கே வா ஆத்தா, நான் ஊற்றுகிறேன். போதும் என்றால் சொல்" என்று வாழைமரம் கட்டிய தூணுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். ஒரு சொம்பு. இரண்டு. மூன்றாவது பாதியில் "போதும்" என்றாள்.

வீட்டில் 40 நிமிடத்துக்கு முன்னால் அந்தச் சொல் வந்ததே இல்லை. நான் தொட்ட சொம்பைத் தொடமாட்டாள். இலை எடுத்த கையால் மொண்ட தண்ணீரை எப்படி வாங்கிக்கொண்டாள்?

உளவியலாளரிடம் சொன்னேன். "கழுவத் துணை போனால் பழக்கம் வேரூன்றும், அடுத்த முறை வேண்டாம்" என்றார். அவர் படித்தவர், சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இரண்டாம் பெஞ்சு

எனக்கு நடந்தது மருந்துக்கடையில். மகனுக்கு 9 வயது, ஏடிஎச்டி, கவனமும் நிற்காது, காலும் நிற்காது. பெரிய ஊர் மருத்துவர் அதற்கு மீதைல்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் தெருமுனைக் கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து உள்ளே இருந்த பையனிடம், "டேய், மூளைக்குக் கொடுக்கிற மாத்திரை, சின்னப் பையனுக்காம், நம்மிடம் இருக்கிறதா பார்" என்றார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க வந்த கீழ்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

பத்து நொடி ஓர் இடத்தில் நிற்காதவன் அவன். அன்று கண்ணாடிப் பெட்டிமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டு அசையாமல் நின்றான். அவன் அமைதியாக நிற்க வேண்டும் என்று எத்தனை கோயிலில் வேண்டியிருப்பேன்! அன்று அவன் நின்றதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இப்போது 14 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போய் வாங்குகிறேன். மாத்திரை ஹார்லிக்ஸ் டப்பாவில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்

தாமரைக்குளம் அவர்களே, அந்த அம்மா செய்ததுதான் சரி. ஊர் கூடிய மண்டபத்தில் குழந்தையை நிற்கவைத்தா பாடம் நடத்துவது? வீட்டில் நடத்தட்டும் உங்கள் உளவியலாளர்.

என் கதை சிறியது, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். காலையில் வயிற்று வலி, பத்து மணிக்கு மேல் வலி இல்லை. நடிப்பு என்று நினைத்தேன். நான்கு பையன்களை அனுப்பித் தூக்கி வரச் சொன்னேன். கையும் காலும் ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது தெருவில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அவனுடையது. எடுத்துக் கொடுக்காமல் தாண்டிப் போனேன். அது 1996. அவனுக்கு இருந்தது பதற்ற நோய் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள், தலைமையாசிரியர் அறையில் அல்ல. முழு நாள் வேண்டாம், முதல் இரண்டு பாடவேளை போதும் என்று பேசி வாங்குங்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் வேண்டாம், இல்லாவிட்டால் வீடு இனித்துவிடும். நாள் கடத்தாதீர்கள், ஒரு மாதம் வீட்டிலிருந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது ஒரு வாரம் இருந்த பிள்ளையை அனுப்புவதைப் போல அல்ல. கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் உண்டு. தேர்வுக்கு முந்தின மாதம் ஓடாதீர்கள், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். நள்ளிரவில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ், அரசின் மனநலத் தொலைபேசி உதவி, 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பெற்றோரும் தங்களுக்காகப் பேசலாம், பிள்ளைக்காக மட்டும் என்றில்லை. அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். யாரோ ஒரு சித்தப்பா நிறுத்தச் சொல்வார். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு சித்தப்பா இருக்கிறார்.

கொல்லைப்புறம்

டீச்சர், மன்னிக்கவும். "அந்த அம்மா செய்ததுதான் சரி" என்று இவ்வளவு எளிதாகச் சொல்லாதீர்கள். நானும் சொம்பு ஊற்றியவள்தான். நான்கு வருடம் ஊற்றினேன்.

என் மகனுக்கு இப்போது 19. முதலில் அவன் சட்டையைத் தனியாகத் துவைத்தேன். பிறகு வெளியே போய் வந்தவர்கள் குளிக்காமல் கூடத்துக்கு வரக்கூடாது என்றான், சரி என்றோம். பிறகு செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுக் கொல்லைப்புறமாகச் சுற்றி வர வேண்டும். வந்தோம். ஒவ்வொன்றும் "இது ஒன்றுதானே, பிள்ளை நிம்மதியாக இருக்கட்டுமே" என்று ஒப்புக்கொண்டதுதான். ஒரு நாளில் அறுபது முறை "சுத்தமா அம்மா?" என்பான். அறுபது முறையும் "சுத்தம் சாமி" என்பேன்.

மாமனார் இறந்த அன்று ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. இவன் நிலைப்படியில் இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். உடலை உள்ளே கொண்டுவர முடியவில்லை. அவர் கட்டிய வீடு அது. தெருவில் பந்தல் போட்டு அங்கேயே வைத்தோம். பங்காளிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கட்டும். என் கணவர் அன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. கொள்ளிவைத்துவிட்டு வந்து, கொல்லைப்புறமாகச் சுற்றி, குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகுதான் சிகிச்சைக்கே போனோம். பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்குகிறார்கள். எங்களுக்கும் பயிற்சி உண்டு: ஒரு முறை மட்டும் பதில் சொல்ல வேண்டும், இரண்டாம் முறை "இதற்குப் பதில் சொல்லிவிட்டேன்" என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். முதல் வாரம் அவன் அழுதான், நான் அடுக்களையில் அழுதேன். இப்போது அறுபது முறை ஐந்து முறையாக இருக்கிறது. ஆகவே உளவியலாளர் சொன்னதைக் கேளுங்கள், தாமரைக்குளம்.

மருந்துச்சீட்டு

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். இரண்டாம் பெஞ்சு நண்பருக்கு: அவர் ஊர் கேட்கச் சத்தம் போட்டது தவறு, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காததற்குக் காரணம் வேறு. மீதைல்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸில், அதாவது கடுங்கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் வருகிறது. அதை விற்கத் தனி உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை நாங்கள் 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். விற்பனை குறைவு, கணக்கு அதிகம் என்று பலர் உரிமமே எடுப்பதில்லை. மருத்துவரிடமே இரண்டு பிரதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அலைச்சல் குறையும்.

ஹார்லிக்ஸ் டப்பா மட்டும் வேண்டாம் ஐயா. வீட்டில் வேறு குழந்தை இருந்தால் அது திறக்கும் முதல் டப்பா அதுதான்.

இரண்டாம் பெஞ்சு

அட்டவணை எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டேன், நன்றி. டப்பாவை மாற்றிவிட்டேன். ஆனால் அந்தக் கடைக்காரர் அட்டவணைக்காகச் சத்தம் போடவில்லை.

சாவிக்காரி

பூட்டு என்றதும் எழுதத் தோன்றியது. நான் தாய் இல்லை, அக்கா. தம்பிக்கு 15 வயதில் இருமுனைக் கோளாறு என்று சொன்னார்கள், சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு. ஒரு முறை அவசரப் பிரிவு வரை போய் வந்த பிறகு, வீட்டு மாத்திரை முழுவதையும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார் மருத்துவர். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மா எங்கே ஒளித்தாலும் அவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் சாவி என் கழுத்துக்கு வந்தது. கறுப்புக் கயிற்றில், தாயத்தோடு தாயத்தாக, சீருடைக்குள்ளே.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வு. அறைக் கண்காணிப்பாளர் கயிற்றைக் கண்டு இழுத்தார். தாயத்து, சாவி இரண்டும் வெளியே வந்தன. "தாயத்து சரி, சாவி எதற்கு?" என்றார். பிட்டு எழுதியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "வீட்டுச் சாவி" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அது வாயில் வரவில்லை. மேசைமேல் வைத்துவிட்டார். மூன்று மணி நேரமும் நான் கேள்வித்தாளைப் பார்த்த நேரம் குறைவு, அந்த மேசையைப் பார்த்த நேரம் அதிகம்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான், அதற்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான், ரத்தப் பரிசோதனைக்கு அவனே போய் வருகிறான். வேதியியலில் எனக்கு 61.

பாஸ்புக்

எல்லோரும் மனக்கஷ்டத்தையே எழுதுகிறீர்கள், காசைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் வங்கியில் இருந்தவன். என் பேரன் ஆட்டிசக் குழந்தை. ஒரு கிளையில் அவனுக்குக் கணக்குத் தொடங்கப் போனபோது, அவன் முன்னாலேயே "கையெழுத்துப் போடாத ஆளுக்கு எதற்குக் கணக்கு?" என்றார் ஒருவர். 34 வருடம் நான் உட்கார்ந்த மாதிரியான அதே நாற்காலி.

குறித்துக்கொள்ளுங்கள். வருமான வரியில் (1961 சட்டத்தின் 80டிடி பிரிவு) ஒரு கழிவு உண்டு: மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவருக்கு 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழிவு. பழைய வரி முறையில் இருந்தால்தான் கிடைக்கும். 2016 சட்டத்தில் மனநோயும் ஆட்டிசமும் 21 வகைகளுக்குள் வருகின்றன, ஆகவே சான்றிதழ் எடுத்துவிடுங்கள். 18 வயது முடிந்தால் பெற்றோரே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குத்தான். ஓசிடி, இருமுனைக் கோளாறு என்று வருகிறவர்கள் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம். அவர்களுக்கு 2017 மனநலச் சட்டம். அதன்படி 18 வயதுக்கு உட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக்கூடாது, பெற்றோரோ அவர்கள் சார்பில் ஒருவரோ கூடவே தங்கியிருக்க வேண்டும். "பார்வையாளர் நேரம் முடிந்தது, வெளியே போங்கள்" என்றால் இதைச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. எழுத்தில் மறுப்புக் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் வழிக்கு வருவார்கள்.

குணசீலத்தில் ஒரு மண்டலம்

கோயிலுக்குப் போனேன் என்று எழுதினால் திட்டுவீர்கள் என்று தெரியும். ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து 2001 ஆகஸ்டில் நடந்தபோது நானும் கட்டிப்போடும் இடங்களைத் திட்டியவள்தான். சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் வெந்து போனார்கள். குணசீலம் அப்படியில்லை, கோயிலோடு மறுவாழ்வு மையம் இருக்கிறது, மாத்திரையும் தொடர்கிறது. 17 வயது மகனோடு 48 நாள் தங்கினேன்.

பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். வரிசையில் பக்கத்தில் நின்ற அம்மா, "உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது?" என்றார். பதினேழு என்றேன். "அது இல்லை அம்மா, வந்து எத்தனை?" என்றார். நோய் வந்து எத்தனை வருடம் என்று கேட்கிறார். இரண்டு என்றேன். "என் பிள்ளைக்கு இருபத்திரண்டு" என்றார். தலை நரைத்த ஒருவர் அவர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த 48 நாளில் என்னிடம் "நீ ஏன் வேலையை விட்டாய், சின்ன வயதில் செல்லம் கொடுத்தாயா" என்று யாரும் கேட்கவில்லை. அதற்காகப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாமரைக்குளம்

கொல்லைப்புறம் அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் ஊற்றப் போவதில்லை, பயப்படாதீர்கள். டீச்சர், நீங்கள் சொன்னதையும் படித்தேன்.

ஒன்று மட்டும் விட்டுவிட்டேன். வீட்டில் அவள் எண்ணிக்கொண்டுதான் கழுவுவாள். நடுவில் யாராவது பேசினால் எண் தவறி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த அம்மா ஊற்றும்போது விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கேசரி பத்தாது என்று சண்டை போட்டதை. இவள் திரும்பித் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள்.

நேற்று மண்டபத்துக்குப் போய்க் காவலாளியிடம் விசாரித்தேன். சமையல் ஒப்பந்தக்காரர் வெளியூர், இலை எடுக்க ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வேறு வேறு ஆட்கள் வருவார்களாம். ஆவணியில் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து, அதே மண்டபம். போவதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.