புதுப்பிப்பு: கேமரா ஆட்டம் ஒருவழியாக நின்றது

போன மாதம் புலம்பியிருந்தேன்: 8 அங்குல, எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கியில் கோமா கரெக்டரும் (படத்தின் ஓரத்தில் நட்சத்திரங்கள் வால் முளைத்ததுபோல் நீள்வதைத் திருத்தும் லென்ஸ்) கேமராவும் மாட்டினால், ஒரு மூலையில் மட்டும் நட்சத்திரங்கள் அரிசி மாதிரி நீள்கின்றன என்று. தொலைநோக்கியின் கண்ணாடியைச் சீரமைக்கச் சொன்னீர்கள். மூன்று முறை செய்தேன், பலனில்லை.

குற்றவாளி, ஃபோகஸர் (கூர்மை சரிசெய்ய உள்ளே வெளியே நகரும் குழாய்) வாயில் கரெக்டரைப் பிடித்திருந்த இரண்டு திருகுகள்தான். கரெக்டரின் கழுத்தில், நழுவி விழாமலிருக்க ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். திருகு அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்து, இறுக்க இறுக்கக் கரெக்டரை ஒரு பக்கம் தூக்குகிறது. பாதுகாப்புக்கு வைத்ததே வில்லன்! டார்ச் அடித்துப் பார்த்தபோது விளிம்பில் தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது.

பள்ளத்தில் டேப் சுற்றிச் சமன் செய்தேன், பாதி சரியானது. அப்புறம் அந்தத் திருகு வாயையே கழற்றிவிட்டு, ஃபோகஸர் குழாயின் மரையில் அடாப்டர் வைத்துக் கரெக்டரை நேராகத் திருகிவிட்டேன். கரெக்டரிலிருந்து சென்சார் வரை வேண்டிய 55 மிமீ மாறவில்லை: கேனான் கேமரா உடலுக்குள் 44, அதைக் கரெக்டரோடு இணைக்கும் டி-ரிங் வளையம் 11. கேமரா உள்ளே தள்ளிப் போனதால், ஃபோகஸரை முன்பைவிட வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரே குறை, மரை முடிகிற இடத்தில்தான் கேமரா நிற்கும். படம் கொஞ்சம் சாய்வாக வருகிறது. பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம்.

நேற்று ஓரியன் நெபுலா, 60 விநாடி வீதம் 40 படங்கள். நான்கு மூலையும் புள்ளி புள்ளியாக. விழுந்துவிடுமோ என்ற பயத்தில், கேமரா வாரை மட்டும் இன்னும் தொலைநோக்கிக் குழாயின் வளையத்தில் கட்டித்தான் வைக்கிறேன்.