வடு வாங்கியாச்சா? (தெருக் குழு, வெள்ளி இரவு)

டீச்சரம்மா: ஞாயிறு மாலை 4 மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் மாவடு வகுப்பு. ஜாடியைக் கழுவி நாளை முழுக்க வெயிலில் காயவைத்துக் கொண்டு வாருங்கள். துணியால் துடைத்த ஜாடி வேண்டாம்.

மாடி வீட்டு அக்கா: வடு எவ்வளவு டீச்சர்?

டீச்சரம்மா: ஆளுக்கு 1 கிலோ. காம்போடு, அடிபடாததாகப் பாருங்கள். மகாராஜா நகர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் பொறுக்கி எடுக்கலாம். கல் உப்பு 125 கிராம். போன தடவை ஒருவர் பிபி என்று 50 கிராம் போட்டார், நினைவிருக்கிறதா?

கடைசி வீட்டுத் தம்பி: எங்கள் அம்மாதான் 🙈 பத்தாம் நாள் திறந்தால் மேலே வெள்ளையாக ஆடை, உள்ளே வடு கொழகொழ.

ஆச்சி: பிபி இருந்தால் தின்கிற வடுவைக் குறைக்கணும். போடுகிற உப்பையா குறைப்பது?

புது வீட்டு மருமகள்: டீச்சர், ஒரு சந்தேகம். ரீல்ஸ் பார்த்து, உரித்த பச்சைப் பூண்டை நல்லெண்ணெயில் ஊறப்போட்டேன். 3 மாதம் வெளியிலேயே இருக்குமாம். சரியா?
[புகைப்படம்]

டீச்சரம்மா: போட்டு எத்தனை நாள் ஆச்சு? உப்பு, புளி ஏதாவது?

புது வீட்டு மருமகள்: செவ்வாய்க்கிழமை. அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. வேறு எதுவும் போடவில்லை. இன்னும் யாரும் தொடவில்லை.

டீச்சரம்மா: நல்லவேளை. அப்படியே கட்டிக் குப்பையில் போட்டுவிடும்மா. ருசிகூடப் பார்க்காதே.

ஆச்சி: எதுக்குப் போடணும்? எண்ணெய் மேலே நின்றால் கெடாது. எங்கள் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான்.

டீச்சரம்மா: பூஞ்சைக்கு அது சரி ஆச்சி, அதற்குக் காற்று வேண்டும். பாட்டுலிசம் என்று உயிருக்கே ஆபத்தான நச்சு நோய் இருக்கிறது, அதை வரவைக்கும் கிருமிக்குக் காற்றே ஆகாது. எண்ணெய்க்குள் முங்கிய பூண்டுதான் அதற்கு வசதி. மண்ணில் விளைகிற பூண்டில் அதன் வித்து ஒட்டியிருக்கும், கொதிக்கும் தண்ணீரில்கூடச் சாகாது. கெட்ட வாடை வராமலும் இருக்கலாம், அதுதான் பயம். நீங்கள் பூண்டு ஊறுகாய்க்கு எவ்வளவு புளி போடுவீர்கள்?

ஆச்சி: கிலோவுக்குக் கால் கிலோ. இறக்கினதும் எலுமிச்சம்பழம் வேறு பிழிவேன்.

டீச்சரம்மா: இத்தனை வருஷம் காப்பாற்றியது அந்தப் புளிப்பும் உப்பும்தான். புளிப்பை அளக்கிற எண்தான் பிஹெச், புளிப்பு ஏற ஏற அது இறங்கும். 4.6-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கிருமி வளராது.

ஆச்சி: அப்போ எண்ணெய் சும்மாவா நின்றது!

கடைசி வீட்டுத் தம்பி: லேபில் பிஹெச் தாள் இருக்கிறது, எடுத்து வரவா?

டீச்சரம்மா: மிளகாய்த்தூள் சிவப்பில் தாளின் நிறமே தெரியாதுப்பா. மீட்டர் கிடைத்தால் கொண்டு வா.

புது வீட்டு மருமகள்: எண்ணெயை மட்டும் காய்ச்சித் தாளிக்கலாமா? அரை லிட்டர் 😢

டீச்சரம்மா: வேண்டாம்மா. இனி பூண்டு விழுது அரைத்தால் 3 நாளுக்கு மட்டும் பிரிட்ஜில் வை. மிச்சத்தை ஐஸ் டிரேயில் ஊற்றி பிரீசரில் வைத்துவிடு.

மாவு மில் அண்ணாச்சி: கடுகுப்பொடி நான் அரைத்துத் தருகிறேன். மிளகாய் போடும் முன்னால், காலையில் முதல் ஈடாக அரைத்துவிடுகிறேன்.

ஆச்சி: விளக்கெண்ணெய் என் பொறுப்பு.

கடைசி வீட்டுத் தம்பி: டீச்சர், அம்மா கேட்கச் சொன்னார்கள். உப்பு 100 கிராம் போதாதா?

டீச்சரம்மா: 125.